பில்லிங் நிரலில் தமிழ் எழுத்து ரம்பப் பல் மாதிரி வருகிறது: எழுத்துரு அமைப்பை மாற்றியும் அசையவில்லை

#1 மளிகைநிரலன்

வணக்கம். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவின் மளிகைக் கடைக்குப் பத்து வருடத்துக்கு முன்னால் நானே ஜாவா ஸ்விங்கில் (ஜாவாவில் சாளரம், பொத்தான் வரையும் கருவித்தொகுப்பு) ஒரு பில்லிங் நிரல் எழுதிக் கொடுத்தேன். பொருள் பெயர், வாடிக்கையாளர் பெயர், பற்று வரவு எல்லாமே தமிழில். விண்டோஸில் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் அந்தக் கணினிக்கு டெபியன் லினக்ஸ் போட்டேன். பழைய பெட்டி, நினைவகம் குறைவு, அதனால் முழு டெஸ்க்டாப் வேண்டாம் என்று ஓப்பன்பாக்ஸ் என்ற சாளர மேலாளரை மட்டும் வைத்தேன். வேகம் அருமை. ஆனால் நிரலைத் திறந்தால் எழுத்தெல்லாம் ரம்பப் பல்.

ஆங்கிலத்தையும் எண்களையும் எப்படியோ படித்துவிடலாம். தமிழ்தான் பாவம். கீ-யில் இருக்கும் சுழி அடைத்துக்கொண்டு கி மாதிரியே தெரிகிறது. ன எது, ண எது என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி சில இடத்தில் தலையோடு ஒட்டிக்கொள்கிறது, சில இடத்தில் காணவே காணோம். நேற்று சித்தப்பா கீரை விதைப் பாக்கெட்டைத் தேடி அந்த வரியைத் தாண்டி மூன்று தடவை மேலும் கீழும் போய் வந்தார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

அதே கணினியில் ஃபயர்பாக்ஸில் தமிழ் வழுவழுவென்று வருகிறது. ஆக எழுத்துருவில் குறை இல்லை. ஃபான்ட்கான்ஃபிக் (லினக்ஸின் எழுத்துரு அமைப்பு) கோப்பில் ஆன்டிஅலையாசிங் (எழுத்தோரத்தை மென்மையாக்குவது) போட்டேன், ஹிண்டிங்கை (எழுத்தைப் பிக்சல் கட்டத்துக்கு இழுப்பது) 'ஸ்லைட்' என்று வைத்தேன், கேஷைப் புதுப்பித்தேன், கணினியையே அணைத்துப் போட்டேன். ஒன்றும் அசையவில்லை. மானிட்டர் 18.5 அங்குலம், 1366×768. ஜாவா 17.

#2 இரவுத்திரை

இன்ஃபினாலிட்டி ஒட்டு (எழுத்து வரையும் நிரலுக்கான திருத்தம்) போட்டுப் பாருங்கள். நான் கல்லூரியில் படித்தபோது அதைப் போட்டதும் லினக்ஸ் எழுத்து வேறு ஜாதியாகிவிட்டது. இல்லையென்றால் எழுத்துருவை மாற்றுங்கள். லோகித் தமிழ் சின்ன அளவில் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை.

#3 பழைய_பிக்சல்

தம்பி இரவுத்திரை, இன்ஃபினாலிட்டியை இனி யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். அதன் சாரத்தை 2016-இல் வந்த ஃப்ரீடைப் 2.7 (லினக்ஸில் எழுத்துருவை வரையும் நூலகம்) தனக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த ஒட்டுகள் எல்லாம் எதற்கு வந்தன? ட்ரூடைப் ஹிண்டிங் மீது ஆப்பிளிடம் காப்புரிமை இருந்தது, அது 2010-இல் முடிந்தது. கிளியர்டைப் (விண்டோஸின் எழுத்து மென்மையாக்கம்) மீது மைக்ரோசாஃப்டிடம் இருந்தவை 2019-இல் முடிந்தன. அதுவரை லினக்ஸ் விநியோகங்கள் பயந்துகொண்டு பாதி வசதியை மூடியே வைத்திருந்தன. திறந்துவிடுவதற்குத்தான் ஆளாளுக்கு ஒட்டுப் போட்டோம். இப்போது எல்லாம் திறந்தே இருக்கிறது. பழைய வலைப்பக்கங்கள் மட்டும் சாகாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

மளிகைநிரலன், மருந்துக்கு முன்னால் நாடி பார்ப்போம். நிரலைத் திரைப்பிடிப்பு எடுங்கள். பிஎன்ஜியாகவே வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கினால் அது கசக்கித் தரும், ஒன்றும் புரியாது. அதைக் கிம்ப் என்ற பட நிரலில் 8 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள்.

எழுத்தில் சுத்தக் கறுப்பும் வெள்ளையும் மட்டும் இருந்தால் மென்மையாக்கமே நடக்கவில்லை. ஓரத்தில் சாம்பல் கட்டங்கள் இருந்தால் சாதாரண ஆன்டிஅலையாசிங். இடப்பக்கமும் வலப்பக்கமும் செம்மை, நீலம் என்று லேசான சாயம் தெரிந்தால் அது சப்பிக்சல் முறை (பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியாக ஆட்டுவது). நான்காவதாக ஒன்று உண்டு: எழுத்தோடு சேர்ந்து ஐகான், கட்டக் கோடு எல்லாமே மங்கலாக இருக்கும். அது எழுத்துப் பிரச்சினையே இல்லை, யாரோ முழுப் படத்தையும் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த நான்கையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் இரண்டு நாளை வீணாக்குகிறார்கள்.

#4 மளிகைநிரலன்

பார்த்துவிட்டேன் அண்ணே. சுத்தக் கறுப்பு வெள்ளை. சதுரங்கப் பலகை மாதிரி. ஃபயர்பாக்ஸில் அதே 'கீரை' சாம்பல் ஓரத்தோடு இருக்கிறது.

#5 பழைய_பிக்சல்

அப்படியென்றால் ஜாவாவிடம் மென்மையாக்கு என்று யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். திரையில் ஒரே மாதிரி சாளரங்கள் தெரிவதால், எழுத்தை வரைபவர் ஒருவர்தான், அவருக்கு எங்கேயோ ஒரு சுவிட்ச் இருக்கும் என்று நினைக்கிறோம். அப்படி ஒருவர் கிடையாது. ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் எழுதிய நிரல் ஒரு வழியாக வரைகிறது, க்யூட்டி என்ற இன்னொன்று வேறு வழி, குரோமியம் குடும்பம் இன்னொரு வழி, ஸ்விங் தன் எழுத்தைத் தானே வரைந்துகொள்கிறது. ஒவ்வொருவரும் 'மென்மையாக்கலாமா, எந்த அளவு?' என்று வெவ்வேறு இடத்தில் போய்க் கேட்கிறார்கள்.

ஸ்விங் யாரிடம் கேட்கிறது? விண்டோஸில் இயங்குதளத்தின் கிளியர்டைப் அமைப்பைப் பார்க்கிறது, ஜாவா 6-இலிருந்து இந்தப் பழக்கம். அதனால்தான் அங்கே நீங்கள் விரலை அசைக்காமலே நன்றாக வந்தது. லினக்ஸில் எக்ஸ்செட்டிங்ஸ் என்ற அறிவிப்புப் பலகையைப் பார்க்கிறது. நோம், எக்ஸ்எஃப்சிஇ மாதிரியான முழு டெஸ்க்டாப்பில் அந்தப் பலகையில் எழுதிவைக்க ஒரு பின்னணிச் செயலி எப்போதும் ஓடும். ஓப்பன்பாக்ஸ் சாளரத்தை நகர்த்துவதோடு சரி, பலகையில் எதுவும் எழுதாது. பலகை காலியாக இருந்தால் ஸ்விங் 'மென்மையாக்கம் வேண்டாம்போல' என்று முடிவு செய்துகொள்கிறது.

ஃபான்ட்கான்ஃபிக்கில் நீங்கள் அவ்வளவு மெனக்கெட்டு எழுதியது ஏன் எடுபடவில்லை என்று கேட்பீர்கள். ஜாவாவின் மூலநிரலைப் பார்த்தால் சிரிப்பு வரும். பலகை காலி என்றால் ஃபான்ட்கான்ஃபிக்கைக் கேட்கும் பாதை ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் சாளர மேலாளர் கேடிஇ டெஸ்க்டாப்பின் க்வின் என்றால் மட்டும்தான் அந்தப் பக்கம் போகும். மற்றவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. எழுத்துரு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் ஃபான்ட்கான்ஃபிக் வேண்டும், மென்மைக்கு வேண்டாம். வேடிக்கைதான்.

இப்போதைக்கு உடனடி வழி: ஜாவாவைத் தொடங்கும் கட்டளையில் ஒரு பண்பைக் கொடுங்கள். தமிழில் எழுதுகிறேன், ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். கழித்தல் குறி, பெரிய டி, ஒட்டியபடியே ஏடபிள்யூடி, புள்ளி, யூஸ்சிஸ்டம்ஏஏஃபான்ட்செட்டிங்ஸ், சமக்குறி, ஆன். இதில் 'ஏடபிள்யூடி', 'யூஸ்', 'ஆன்' மூன்றும் சின்ன எழுத்து, 'ஏஏ' இரண்டும் பெரிய எழுத்து, மற்ற சொற்களுக்கு முதலெழுத்து மட்டும் பெரியது. ஒரு எழுத்து பிசகினாலும் ஜாவா வாயே திறக்காது, கண்டுகொள்ளாமல் போய்விடும். 'ஆன்' என்ற இடத்தில் 'எல்சிடி' என்றால் சப்பிக்சல், 'காஸ்ப்' என்றால் எந்த அளவில் மென்மையாக்குவது என்று எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும் அட்டவணையைக் கேட்டு நடக்கும். பழைய தமிழ் எழுத்துருக்களை வைத்துக்கொண்டு 'காஸ்ப்' பக்கம் போக வேண்டாம். அந்த அட்டவணையை ஒழுங்காக நிரப்பாமல் விட்டவர்கள் நிறைய.

இன்னொன்று. இணையத்தில் ஸ்விங்.ஏஏடெக்ஸ்ட் என்று ஒரு பண்பையும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். அது ஜாவா 5 காலத்துச் சங்கதி. போட்டால் பாவமில்லை, அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

#6 டெபியன்தாசன்

அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஒவ்வொரு ஜாவா நிரலுக்கும் கட்டளையில் வால் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. நோயின் வேர் பலகை காலியாக இருப்பது. பலகையை நிரப்பினால் போயிற்று.

டெபியனில் எக்ஸ்செட்டிங்ஸ்டி என்று ஒரு சின்னப் பொதி இருக்கிறது. நினைவகம் என்று சொல்லுமளவுக்கு எதுவும் தின்னாது. வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் அதே பெயரில் ஒரு கோப்பு வைத்து நான்கு வரி எழுதுங்கள்: எக்ஸ்எஃப்டி சாய்கோடு ஆன்டிஅலையாஸ் 1, எக்ஸ்எஃப்டி சாய்கோடு ஹிண்டிங் 1, ஹிண்ட்ஸ்டைலுக்கு மேற்கோளுக்குள் ஹிண்ட்ஸ்லைட், ஆர்ஜிபிஏ-வுக்கு மேற்கோளுக்குள் நன் (சப்பிக்சல் வேண்டாம் என்று அர்த்தம்). ஓப்பன்பாக்ஸின் ஆட்டோஸ்டார்ட்டில் இதைச் சேர்த்துவிடுங்கள். ஜாவா மட்டுமில்லை, ஜிடிகே நிரல்களும் இதையே படிக்கும்.

ஏற்கெனவே எக்ஸ்ரிசோர்சஸ் என்ற பழைய அமைப்புக் கோப்பில் எக்ஸ்எஃப்டி வரிகள் எழுதியிருந்தால் இருக்கட்டும். அவை யூஆர்எக்ஸ்விடி மாதிரி பழைய டெர்மினல்களுக்கு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். அது வேறு பலகை, வேறு வாசகர்கள்.

#7 மளிகைநிரலன்

முதலில் அண்ணன் சொன்னபடி 'ஆன்' போட்டேன். பொத்தான்கள், மெனு, லேபிள் எல்லாம் பளிச்! சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்பதான் எழுத்து எழுத்தா இருக்கு" என்றார்.

ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, பில் வரிகள் வரும் நடுக் கட்டம் மட்டும் இன்னும் ரம்பப் பல்லாகவே நிற்கிறது. அந்தக் கட்டத்தை நான் ஜேடேபிளில் (ஸ்விங்கின் அட்டவணை உறுப்பு) சொந்தமாக வரைந்திருக்கிறேன், மாற்றுவரிக்கு நிறம், பாக்கி இருந்தால் சிவப்பு என்று.

இரண்டாவது, டெபியன்தாசன் சொன்னதையும் செய்து பார்த்தேன். கைச்சுறுசுறுப்பில் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) வரியும் இருக்கட்டும் என்று எக்ஸ்எஃப்டி சாய்கோடு டிபிஐ 96 என்று சேர்த்தேன். இப்போது கோப்பு மேலாளரைத் திறந்தால் எழுத்தே இல்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு தெரிகிறது, அவ்வளவுதான்.

#8 டெபியன்தாசன்

எழுத்து இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் எட்டவில்லை. எக்ஸ்செட்டிங்ஸில் டிபிஐ-யை 1024-ஆல் பெருக்கி எழுத வேண்டும். 96 வேண்டுமென்றால் 98304. நீங்கள் 96 என்று எழுதியதும் அது பத்தில் ஒரு பங்கு டிபிஐகூட இல்லை என்று எடுத்துக்கொண்டது. நானும் ஒருமுறை இதே பள்ளத்தில் விழுந்து, எழுத்து தெரியாத டெர்மினலில் குருட்டாம்போக்கில் தட்டி வெளியே வந்தவன். எக்ஸ்ரிசோர்சஸில் மட்டும் வெறும் 96. இரண்டும் ஒன்றில்லை என்று மேலே சொன்னேனே, இதற்கும் சேர்த்துத்தான்.

#9 பழைய_பிக்சல்

அந்த நடுக் கட்டத்துக்கு வருவோம். ஸ்விங்கின் சொந்த உறுப்புகள் டெஸ்க்டாப்பின் விருப்பத்தைக் கேட்டு வரையும். நீங்களே உறுப்பை வரையும் பெயின்ட்காம்பொனென்டை மேலெழுதி, எழுத்தை வரையும் ட்ராஸ்ட்ரிங்கைக் கூப்பிட்டால் அந்த விருப்பம் தானாக உள்ளே வராது. உங்கள் கைக்கு வரும் கிராஃபிக்ஸ் பொருள் வெறுங்கையோடுதான் வரும். உங்கள் நிரல் விண்டோஸிலும் அந்தக் கட்டத்தைக் கரடுமுரடாகத்தான் வரைந்திருக்கும். நிர்மலா யூஐ மாதிரி எழுத்துரு கொஞ்சம் காப்பாற்றியிருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

வரைவதற்கு முன்னால் கிராஃபிக்ஸை கிராஃபிக்ஸ்2டி ஆக மாற்றிக்கொள்ளுங்கள். டூல்கிட்டிடம் ஏடபிள்யூடி.ஃபான்ட்.டெஸ்க்டாப்ஹிண்ட்ஸ் என்ற டெஸ்க்டாப் பண்பைக் கேளுங்கள். ஒரு மேப் கிடைக்கும். அது நல் (வெற்று மதிப்பு) இல்லையென்றால் ஆட்ரெண்டரிங்ஹிண்ட்ஸில் அப்படியே கொடுத்துவிடுங்கள். நல் என்றால் மட்டும் டெக்ஸ்ட் ஆன்டிஅலையாசிங்கை 'ஆன்' என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் 'ஆன்' என்று கல்லில் செதுக்கிவிட்டால், சப்பிக்சல் வேண்டும் என்று வைத்திருக்கும் இன்னொருவரின் கணினியில் உங்கள் நிரல் மட்டும் தனியாகத் தெரியும்.

எழுத்தின் அகலத்தை அளப்பதையும் இதே ஹிண்ட்ஸ் போட்ட பிறகு, அதே கிராஃபிக்ஸிடம் ஃபான்ட்மெட்ரிக்ஸ் வாங்கி அளங்கள். ஒரு அமைப்பில் அளந்து இன்னொரு அமைப்பில் வரைந்தால், 'நல்லெண்ணெய்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'நல்லெண்...' என்று நிற்கும். தமிழ்ச் சொல் நீளம், ஒவ்வொரு எழுத்திலும் அரைப் பிக்சல் பிசகினாலும் கடைசியில் கூட்டிக் கொடுத்துவிடும்.

முதலில் ஒரு படத்தில் வரைந்து பிறகு திரையில் ஒட்டுகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். பின்னணி ஒளிபுகும் வகைப் படத்தில் சப்பிக்சல் எழுத்து வராது, ஜாவா தானாகச் சாம்பலுக்கு இறங்கிவிடும். அது பிழையில்லை. கீழே என்ன நிறம் வரப்போகிறது என்று தெரியாமல் சிவப்பையும் நீலத்தையும் தனித்தனியாகக் கலக்க முடியாது.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். ஜேடேபிளின் வரி உயரம் இயல்பாக 16 பிக்சல். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வைத்த உயரம். தமிழில் கூ, ணூ, ழு எல்லாம் கீழே காலை நீட்டும், கீ மேலே கொண்டை போடும். ஃபான்ட்மெட்ரிக்ஸ் சொல்லும் உயரத்தை எடுத்து, மேலும் கீழும் இரண்டு பிக்சல் சேர்த்து வரி உயரத்தை வையுங்கள். எழுத்து மென்மையானதும் வெட்டுப்பட்ட கால் இன்னும் நன்றாகத் தெரியும், அதற்காகச் சொன்னேன்.

#10 சாளரக்காரி

விண்டோஸ் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி. பத்து வருடமாக மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில்தான் என் பிழைப்பு. 'சொந்தமாக வரைந்தால் தனியாகச் சொல்ல வேண்டும்' என்பது அங்கேயும் அப்படியே. அதன் சாளரக் கருவித்தொகுப்பான வின்ஃபார்ம்ஸில் டெக்ஸ்ட்ரெண்டரர் வழியாக வரைந்தால் ஜிடிஐ என்ற பழைய வரைமுறை, கிராஃபிக்ஸின் ட்ராஸ்ட்ரிங் வழியாக வரைந்தால் ஜிடிஐ பிளஸ். ஒரே படிவத்தில் இரண்டையும் கலந்தால் ஒரே எழுத்துரு இரண்டு அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். ஜாடை ஒன்று, உடம்பு வேறு.

டபிள்யூபிஎஃப் என்ற இன்னொரு கருவித்தொகுப்பு இன்னும் தனிக் கதை. அது எழுத்தை அரைப் பிக்சல், கால் பிக்சல் இடங்களிலும் வைக்கும். அச்சில் எப்படி வருமோ அதே விகிதத்தில் திரையிலும் வர வேண்டும் என்பது அதன் கொள்கை. கொள்கை நல்லதுதான், 12 பிக்சல் எழுத்தில் படிக்க முடியாது. ஆளாளுக்குப் புலம்பிய பிறகு 2010-இல் டாட்நெட் 4-ல் டெக்ஸ்ட்ஃபார்மேட்டிங்மோட் என்ற பண்பைக் கொடுத்தார்கள். அதை 'டிஸ்ப்ளே' என்று சாளரத்தின் வேரிலேயே வைத்துவிட்டால் எழுத்துகள் பிக்சல் கட்டத்தில் வந்து உட்காரும். பெரிதாகிச் சுருங்கும் அசைவூட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் அதை 'ஐடியல்' என்றே விடுங்கள், இல்லையென்றால் எழுத்து நடுங்கும்.

பழைய_பிக்சல் சொன்ன நான்காவது வகை, எல்லாமே மங்கல், விண்டோஸ் மடிக்கணினிகளில் தினசரிக் கூத்து. திரை 125 சதவீதம், நிரலுக்கு டிபிஐ என்றால் என்னவென்றே தெரியாது. விண்டோஸ் படத்தை இழுத்துப் பெரிதாக்கும். அங்கே கிளியர்டைப் டியூனரை எத்தனை தடவை ஓட்டினாலும் பயனில்லை. நிரல் கோப்பின் பண்புகளில் கம்பேட்டிபிலிட்டி தாளுக்குப் போய், உயர் டிபிஐ அமைப்பில் 'சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)' என்று மாற்றிப் பாருங்கள். 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்தது. ஜிடிஐ-யில் வரையும் பழைய நிரல்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. சொந்த நிரல் என்றால் அதெல்லாம் வேண்டாம், மேனிஃபெஸ்டில் (நிரலோடு போகும் விவரக் கோப்பு) டிபிஐ தெரியும் என்று எழுதிவிடுங்கள்.

#11 இரவுத்திரை

அக்கா, என் பக்கத்துக் கதையும் இதே ஜாதி. எலெக்ட்ரானில் (வலைப்பக்க நுட்பத்தில் கணினி நிரல் எழுதும் தளம்) ஒரு குறிப்பேட்டு நிரல் செய்துகொண்டிருக்கிறேன். சாளரத்தின் பின்னணியைக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன், பார்க்க அழகு. அன்றிலிருந்து எழுத்து கொஞ்சம் மெலிந்து மங்கலாகிவிட்டது. சிஎஸ்எஸ்ஸில் வெப்கிட் ஃபான்ட் ஸ்மூதிங் என்று இருந்த எல்லா மதிப்பையும் மாற்றி மாற்றிப் போட்டேன். லினக்ஸில் ஒன்றும் ஆகவில்லை.

#12 பழைய_பிக்சல்

ஆகாது தம்பி, அந்தப் பண்பை மேக்கில் மட்டும்தான் மதிப்பார்கள். உங்களுடையது மேலே சொன்ன அதே கணக்கு. சப்பிக்சல் எழுத்துக்குக் கீழே ஒளிபுகாத பின்னணி வேண்டும். பிரவுசர்விண்டோ என்ற சாளரத்தை உருவாக்கும்போது பின்னணி நிறத்தை முழு வெள்ளை என்றோ முழுக் கறுப்பு என்றோ கொடுங்கள். கண்ணாடி வேண்டுமா, கூர்மை வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கூர்மைக்காரன்.

#13 டெபியன்தாசன்

கூர்மை என்றதும் ஞாபகம் வந்தது. மளிகைநிரலனுக்கு ஏன் எல்லாரும் 'ஆன்' என்று சாம்பலைப் பரிந்துரைக்கிறீர்கள்? (நானும்தான் 'நன்' என்று எழுதினேன், மாற்றிக்கொள்கிறேன்.) அவர் மானிட்டர் 18.5 அங்குலத்தில் 1366. அங்குலத்துக்கு 85 பிக்சல்தான். இது மாதிரித் திரையில்தான் சப்பிக்சல் தன் வித்தையைக் காட்டும். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டை. அவற்றைத் தனித்தனியாக ஆட்டினால் கிடைமட்டத்தில் 1366 இல்லை, 4098 படிகள். தமிழ் என்ன எழுத்து? ண-வை எடுத்துக்கொள்ளுங்கள். சுழி மேல் சுழி, பக்கத்தில் கால், எல்லாம் கிடைமட்டத்தில் நெருக்கியடித்து நிற்கிறது. ஆங்கிலத்தைவிட நமக்குத்தான் அந்த மூன்று மடங்கு அதிகம் உதவும்.

#14 பழைய_பிக்சல்

கணக்கு சரி. ஆனால் அந்த 4098 முழுதாகக் கைக்கு வராது. பட்டைகளை அப்படியே ஆட்டினால் எழுத்தோரம் வானவில்லாகிவிடும் என்று ஃப்ரீடைப் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் பக்கத்துப் பட்டைகளுக்கும் பங்கு போடுகிறது, இயல்பு வடிகட்டியில் ஐந்து பட்டைக்கு. கிடைத்த கூர்மையில் ஒரு பங்கு அதிலேயே திரும்பிப் போகிறது. மேல்கீழாகவோ ஒன்றும் கிடைப்பதில்லை. தமிழில் முதலில் சாவது எது? புள்ளியும் கொண்டையும். இரண்டும் மேல்கீழ் விவகாரம். அங்கே கைகொடுப்பது ஸ்லைட் ஹிண்டிங். அது எழுத்தை மேல்கீழாக மட்டும் பிக்சல் கோட்டுக்கு இழுக்கும், அகலத்தைத் தொடாது. ஃப்ரீடைப்பின் ஆட்டோஹிண்டருக்குத் தமிழ் ஒரு தனி வரிவடிவம் என்று தெரியும். க, ச மாதிரி எழுத்துகளின் தலைமட்டத்தையும் அடிமட்டத்தையும் பார்த்து மற்றவற்றை வரிசையில் நிறுத்தும்.

நிறச் சாயம் எல்லார் கண்ணுக்கும் தெரியாது. தெரிந்தவர்களுக்குத் தலைவலி. மேக்கில் 2018-இன் மொஹாவே பதிப்பில் சப்பிக்சலை எடுத்துவிட்டார்கள், ஜிடிகே 4-ம் விட்டுவிட்டது. இருவரும் அடர்த்தியான திரையை மனத்தில் வைத்து எடுத்த முடிவு, 85 பிக்சல் திரை வைத்திருப்பவனை யாரும் கேட்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த அளவில் உங்கள் கட்சியில் நியாயம் இருக்கிறது. கடைக்காரர் கண்ணே தீர்ப்புச் சொல்லட்டும்.

#15 மளிகைநிரலன்

தீர்ப்பு வந்துவிட்டது.

நடுக் கட்டத்தில் டெஸ்க்டாப்ஹிண்ட்ஸ் சேர்த்தேன், பத்து நிமிட வேலை. பத்து வருடம் அதைச் செய்யாமல் இருந்திருக்கிறேன். வரி உயரத்தையும் மாற்றினேன், 'கூட்டுப் பெருங்காயம்' இப்போது காலோடு நிற்கிறது. டிபிஐ வரியை நீக்கினேன். எக்ஸ்செட்டிங்ஸ்டி ஓடுவதால் கட்டளையில் இருந்த வாலையும் எடுத்துவிட்டேன், அது இல்லாமலே ஜாவா பலகையைப் படித்துக்கொள்கிறது.

அப்புறம் ஆர்ஜிபிஏ-வை 'ஆர்ஜிபி' என்று வைத்து ஒருநாள், 'நன்' என்று வைத்து ஒருநாள் ஓட்டினேன். சித்தப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. சப்பிக்சல் நாளில் "எழுத்து நல்லா கறுப்பா இருக்கு" என்றார். டெபியன்தாசனுக்கு ஒரு ஓட்டு. ஆனால் கடையில் வாடிக்கையாளர் பக்கம் திருப்பி ஒரு சின்ன டிவி மாட்டியிருக்கிறோம், பில் தொகை அதிலும் தெரியும். அங்கே எழுத்தோரமெல்லாம் செம்மண் பூசிய மாதிரி ஆகிவிட்டது. சாம்பலில் இரண்டு திரையிலும் குறையில்லை. அதனால் 'நன்'.

எழுத்துருவை லோகித்திலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றி, 10 புள்ளி அளவை 12 ஆக்கினேன்.  சித்தப்பாவிடம் கடைசியில் எல்லா மாற்றத்தையும் விளக்கினேன். "பெரிசாக்கினதுதானே?" என்று கேட்டுவிட்டு எண்ணெய் டின்னை இறக்கப் போய்விட்டார்.

#16 டெபியன்தாசன்

டிவி செம்மண் பூசியதற்குக் காரணம் பெரும்பாலும் அது நிறத் தகவலைப் பாதியாக்கி வாங்குவதுதான். ஒளிர்வு பிக்சலுக்குப் பிக்சல் வரும், நிறம் பல பிக்சலுக்கு ஒன்று என்று வரும். சினிமாவுக்கு அது போதும், நிறத்தை வைத்தே கூர்மை காட்டும் சப்பிக்சல் எழுத்துக்கு ஆகாது. டிவி மெனுவில் எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் சில மாடல்களில் சரியாகும். தோல்வியை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அரைத் தோல்விதான்.

#17 சின்னப்புள்ளி

இழையின் நடுவே வருவதற்கு மன்னிக்கவும். நான் பயன்படுத்துவது கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப். ஃபான்ட்கான்ஃபிக் கோப்பைக் கையால் திருத்தினேன், இரண்டு நாள் நன்றாக இருந்தது. நேற்று பார்த்தால் நான் எழுதிய மதிப்புகள் மாறிக் கிடக்கின்றன. வேறு யாரும் என் கணினியைத் தொடவில்லை.

#18 பழைய_பிக்சல்

நேற்று சிஸ்டம் செட்டிங்ஸில் எழுத்துருப் பக்கத்தைத் திறந்து எதையோ மாற்றி 'அப்ளை' அழுத்தியிருப்பீர்கள். கேடிஇ தன் விருப்பத்தை அதே கோப்பில்தான் எழுதும். ஆன்டிஅலையாசிங், ஹிண்டிங், சப்பிக்சல் மூன்றையும் அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு எந்த எழுத்துரு முதலில் வர வேண்டும் என்பது மாதிரி விஷயங்களை மட்டும் பக்கத்தில் இருக்கும் கான்ஃப்.டி அடைவில் தனிக் கோப்பாக எழுதுங்கள். அதன் பெயர் எண்ணில் தொடங்க வேண்டும், இல்லையென்றால் படிக்காது.

#19 சின்னப்புள்ளி

ஆமாம் அண்ணா, கர்சர் அளவை மாற்றப் போய் எழுத்துருப் பக்கத்தையும் தொட்டேன். மன்னிக்கவும், நன்றி.